கசிந்த அடுப்பு

மெர்ல் ஹனிசெட் பட்டாளத்தில் சேர்ந்ததே அடுப்பங்கரையிலிருந்து தப்பிக்கத்தான். இதை அவளே என்னிடம் சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. பல வருஷங்களாக, துணி உலர்த்தும்போதும் கோழிக்குத் தீனி போடும்போதும் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் கோத்துச் சொல்கிறேன்.

பள்ளிக்கூட வயதிலேயே அம்மாவை இழந்தவள். அன்றிலிருந்து அப்பாவுக்கும் மூன்று அண்ணன்களுக்கும் ஆக்கிப் போட்டவள் அவள்தான். எங்கள் ஊர் வாலிங்காவில் அப்போது எல்லாருக்கும் மாடுதான் பிழைப்பு. பால் கறந்துவிட்டுச் சேறும் பசியுமாக வரும் நாலு ஆண்களுக்குக் காலையில் கறி பொரிக்க வேண்டும், மதியம் கிழங்கு வேகவைக்க வேண்டும், மாலையில் மறுபடியும் கறி. யாரும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. உப்புக் கூடினால் மட்டும் வாய் திறப்பார்கள். அவளுக்குப் பிடித்த வேலை ஒன்றே ஒன்றுதான். பாலேடு கேன்களை லாரியில் ஏற்றி, மழையில் வழுக்கும் மலைப்பாதையில் வெண்ணெய் ஆலைக்கு ஓட்டிப்போவாள். வண்டி சேற்றில் மாட்டினால் யாரையும் கூப்பிட மாட்டாள். சங்கிலி கட்டித் தானே வெளியே எடுப்பாள்.

யுத்தம் வந்து அண்ணன்கள் போனார்கள். ஜப்பான்காரன் நாட்டின் வடகோடியில் டார்வினில் குண்டு போட்ட பிறகு பெண்கள் படைக்கு ஆள் எடுப்பதாகச் சேதி வந்தது. மெர்லும் நெட்டா க்வில்ட்டியும் சேர்ந்து பெயர் கொடுக்கப் போனார்கள். நெட்டா உருளைக்கிழங்குக்காரர் க்வில்ட்டியின் ஒரே மகள். ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தால் எதிர்க்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்ப்பார்.

கிளம்புகிற அன்று மெர்லின் அப்பா வாசலை மறித்து நின்றார்.

"நீயும் போயிட்டா எனக்கு யாரு ஆக்கிப் போடறது?"

"உங்களுக்குக் கை இருக்கில்லப்பா" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியேறினாள்.

ஆள் எடுத்த பெண் அதிகாரி தலை நிமிராமல் கேட்டாள்.

"வீட்டுல என்ன வேலை பார்த்த?"

"சமைச்சேன், மேடம். லாரி ஓட்டுவேன். பெரிய வண்டி. கிளட்ச் போனா நானே பிரிச்சு..."

"சமையல்" என்று அந்த அம்மாள் எழுதிக்கொண்டாள்.

"லாரி ஓட்டுவேன்னு சொன்னேனே, மேடம்."

"கேட்டுது. ஓட்ட வர்றவங்க நிறைய இருக்காங்க. ஆக்க வர்றவங்கதான் இல்ல. அடுத்து!"

நெட்டாவுக்குத் தண்ணீர் காய்ச்சக்கூடத் தெரியாது. இருந்தும் அவளையும் சமையலுக்கே தள்ளினார்கள். வெளியே வந்ததும் அவள் மெர்லின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "அடிப்பாவி, உன்கூட வந்த பாவத்துக்கு எனக்கும் சேர்த்துத் தண்டனையா?"

டவுன்ஸ்வில்லுக்கு மேற்கே, மண் சிவந்து வெடித்துக் கிடந்த பொட்டலில் அவர்களுக்கு முகாம். தகரக் கொட்டகை. ஒரு வரிசையில் ஆறு பெட்ரோல் அடுப்புகள். காற்றடித்துப் பற்றவைத்தால் கத்திப் பேசினாலும் காதில் விழாத அளவுக்கு இரையும். மேலே குழந்தை குளிக்கிற அளவுக்கு அண்டாக்கள். கீழே தீ, மேலே தகரம், நடுவில் பெண்கள். வியர்வை வடிந்து பூட்சுக்குள் நிற்கும். ஈயை ஓட்டாமல் எதையும் நறுக்க முடியாது.

வீட்டில் நாலு பேர் முகம் சுளித்தது போய், இங்கே ஒரு பட்டாளமே சுளித்தது.

"ஏம்மா, இது ஆடா, இல்ல பூட்ஸா?" என்று வரிசையில் நின்ற ஒருவன் தட்டைத் தூக்கிக் காட்டுவான்.

"பூட்ஸ்தான். லேஸ் தனியா எடுத்து வெச்சிருக்கேன், வேணுமா?" என்பாள் நெட்டா. வரிசையே சிரிக்கும்.

மெர்ல் சிரிக்க மாட்டாள். அவளுக்கு அது உறுத்தியது. கிழட்டு ஆட்டின் கறியை இரவே வினிகரில் ஊறப்போட்டாள். டின் இறைச்சியை அப்படியே போடாமல் வெங்காயமும் கிழங்கும் சேர்த்து மாவு மூடிச் சுட்டாள். அரிசிப் பாயசத்துக்கு எங்கிருந்தோ எலுமிச்சைத் தோல் பிடித்து வந்தாள். கொஞ்ச நாளில் பக்கத்து முகாம்காரன்கள் சாக்குச் சொல்லிக்கொண்டு இங்கே சாப்பிட வந்தார்கள். விட்டு ஓடிவந்த வேலை அங்கேதான் அவளுக்குப் பிடித்துப் போனது. அந்தப் பையன்கள் எல்லாரும் கடல் தாண்டி நியூகினிக் காட்டுச் சண்டைக்குப் போகிறவர்கள். இரண்டாம் தரம் பாயசம் கேட்டு நிற்கிறவனுக்கு இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் வராது. ஒரு வாரம் முகம் முகமாகத் தெரிவார்கள். அடுத்த வாரம் அதே வரிசையில் வேறு முகங்கள் நிற்கும். போனவர்களைப் பற்றிச் சமையற்கட்டில் யாரும் பேசுவதில்லை.

ஐந்தாவது அடுப்பு கசிய ஆரம்பித்தது மழைக்காலம் முடிந்த சமயம். குழாய் சேருகிற இடத்தில் பெட்ரோல் பொட்டுப் பொட்டாக வியர்த்தது. பட்டறையிலிருந்து ஹெக் பர்விஸ் வந்து பார்த்தான். ஒல்லியான ஆள், சாது, கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான். சோப்புக்கட்டியைப் பிசைந்து மூட்டில் அப்பினான்.

"இது பேருக்குத்தான். சூடேறினா சோப்பு உருகிடும். அப்புறம் கடவுள் விட்ட வழி. இதை எரிக்காதீங்க. நான் கேப்டன்கிட்ட சொல்லிட்டேன். நீங்களும் சொல்லி வைங்க."

மெர்ல் சொன்னாள். ஒரு தரம் அல்ல, போகும்போதும் வரும்போதும் சொன்னாள். பண்டக சாலைக்குப் பொறுப்பான கேப்டன் ஆல்டர்டன் கடைசியில் எரிந்து விழுந்தார்.

"புதுச் சாமான் எல்லாம் தீவுக்குப் போகுது. அங்க பையன்க செத்துக்கிட்டிருக்காங்க. உனக்கு இங்க அடுப்பு ஒழுகுதா?"

"அதிகாரிங்க மெஸ்ஸுக்குப் போன வாரம் புது அடுப்பு வந்துச்சே, சார்."

அவர் கையாட்டி அவளைப் போகச் சொன்னார். மெர்ல் அந்த அடுப்பைக் கழற்றிக் கொட்டகைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். மீதி அடுப்புகளில் ஓட்டினார்கள். சாப்பாடு கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

பிறகு ஒரு பெரிய அதிகாரி முகாமைப் பார்வையிட வந்தார். அன்று காலையிலிருந்து எல்லாருக்கும் கால் தரையில் பாவவில்லை. கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். கேப்டன் சமையற்கட்டுக்குள் வந்தார். வரிசையில் ஒரு பல் விழுந்த இடம் அவர் கண்ணில் பட்டது.

"எங்க இன்னொண்ணு?"

"அது கசியுது, சார். பின்னால வெச்சிருக்கேன்."

"எடுத்து வை. ஆறும் எரியணும். அவர் வந்து பார்க்கும்போது ஓட்டை வாயாட்டம் தெரியக்கூடாது."

"சார், அது எரிக்கிற நிலைமையில இல்ல."

"இது உங்கம்மா வீட்டு அடுப்பங்கரை இல்லம்மா. உத்தரவு போட்டா செய்."

மெர்ல் பெண்கள் படைச் சார்ஜென்டைத் தேடி ஓடினாள். அந்த அம்மாள் சொன்னால் ஒருவேளை கேப்டன் கேட்பார் என்று நினைத்தாள். அவள் கொடிமரத்துப் பக்கம் போன நேரத்தில் கேப்டனே இரண்டு பையன்களை விட்டு அடுப்பைத் தூக்கி வைக்கச் சொன்னார். நெட்டாவைப் பற்றவைக்கச் சொன்னார். நெட்டா ஒரு தரம் மறுத்தாள் என்று கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெண்கள் பின்னால் சொன்னார்கள். "மெர்ல் வரட்டும் சார்" என்றாளாம். பிறகு பற்றவைத்தாள்.

சார்ஜென்ட் அகப்படாமல் மெர்ல் திரும்பி வரும்போது அடுப்புகளின் இரைச்சல் திடீரென்று வேறு மாதிரி கேட்டது. பிறகு ஒரு வெடி. கொட்டகைக்குள்ளிருந்து தீ ஒன்று எழுந்து நடந்து வந்தது. அதுதான் நெட்டா. மெர்ல் ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு அவள்மேல் விழுந்தாள். தரையில் புரட்டினாள், மண்ணை வாரிப் போட்டாள், கையாலேயே அடித்து அணைத்தாள். தன் கை எரிவது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

பெரிய அதிகாரி வந்தார். மற்ற மெஸ்ஸிலிருந்து ரொட்டியும் குளிர்ந்த டின் இறைச்சியும் கொண்டுவந்து அவருக்குப் பரிமாறினார்கள். புகை நாற்றம் அடங்காத இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பெண்களின் மனோதிடத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கட்டிலும் பக்கத்தில் பக்கத்தில். நெட்டாவின் முகத்தில் கட்டுக்குள்ளிருந்து வாய் மட்டும் தெரிந்தது.

"மெர்ல், மத்தியானச் சாப்பாடு என்னாச்சு?"

"ஆச்சு."

"என்ன போட்டீங்க?"

"டின் கறி."

"ஐயய்யோ, பூட்ஸே தேவலையே" என்றாள் நெட்டா. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மறுநாள் அந்தக் கட்டிலைச் சுத்தம் பண்ணி வேறொருவரைப் போட்டார்கள்.

விசாரணை ஒரு கூடாரத்தில் நடந்தது. மெர்ல் இரண்டு கையிலும் கட்டோடு போய் நின்றாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். கேப்டன் ஆல்டர்டன், அடுப்பில் கோளாறு என்று தன்னிடம் எவரும் சொல்லவில்லை என்றார். கிழங்கு உரித்த பெண்கள், உத்தரவைக் கேட்டோம், வேறெதுவும் தெரியாது என்றார்கள். மெர்ல் அவரிடம் கசிவைச் சொன்னபோது அவர்கள் அங்கே இல்லை, அதனால் அது உண்மைதான். கசிவைப் பற்றிக் கேப்டனிடம் சொன்ன இன்னொரு ஆள் ஹெக் பர்விஸ் மட்டும்தான். அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"நீ கேப்டனிடம் சொன்னாயா?"

ஹெக் தன் தொப்பியைப் பார்த்தான். "ஞாபகம் இல்ல, சார்."

பற்றவைத்த பெண்ணின் கவனக்குறைவு என்று முடிவு எழுதினார்கள். அந்த மாதம் பட்டறை ஆட்களைப் பாதிக்கு மேல் தீவுகளுக்கு அனுப்பினார்கள். ஹெக்கின் பெயர் அதில் இல்லை. அது தற்செயலாகவும் இருக்கலாம். மெர்ல் ஒருநாளும் அப்படி நம்பியதில்லை.

கை ஆறியபோது விரல்கள் முழுவதும் மடங்கவில்லை. படையிலிருந்து விடுவித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் வேலையாக அவள் நெட்டாவின் அம்மாவைப் பார்க்கப் போனாள். திருமதி க்வில்ட்டி கிழங்கு மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஊசியைக் கீழே வைத்தார்.

"நான் நம்புறேன் கண்ணு. எம்பொண்ணு அவ்வளவு அஜாக்கிரதை இல்ல. ஆனா நீ அவ சினேகிதி. நீ அப்படித்தான் சொல்லுவேன்னு ஊர் சொல்லும். வேற யாராவது சொல்லணும்."

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் ஹெக் பர்விஸ் வாலிங்காவில் வந்து இறங்கினான். இங்கே அவனுக்குச் சொந்தம் பந்தம் எதுவும் கிடையாது. வெண்ணெய் ஆலையில் இயந்திரம் பார்க்கிற வேலை கேட்டு வாங்கிக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹனிசெட் வீட்டுக் கேட்டருகே நின்றான்.

"எதுக்கு வந்த?" என்றாள் மெர்ல்.

"உன் கை எப்படி இருக்குன்னு பார்க்கலாம்னு."

அவள் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். "பாத்தாச்சா? போ."

அவன் போகவில்லை. வாரா வாரம் வந்தான். அவள் அப்பாவுக்குப் பம்பு ரிப்பேர் செய்து கொடுத்தான். அப்பாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. ஒருநாள் வேலியோரம் அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்."

"இப்ப சொல்லு."

"யார்கிட்ட?"

"நெட்டாவோட அம்மாகிட்ட. ஊர்கிட்ட."

"சொல்றேன். சத்தியமா சொல்றேன், மெர்ல். நீ பக்கத்துல இருந்தா சொல்லிடுவேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டேன் என்று என்னிடம் சொன்னாள். ஊரில் வேறு மாதிரிப் பேசினார்கள். வெந்த கைக்காரிக்கு இதுவே அதிகம் என்றார்கள். அதுவும் அவள் காதில் விழாமல் இல்லை. ஆனால் நடந்தது தெரிந்த ஒரே ஆள் உலகத்தில் அவன்தான். அவனைக் கைதவற விடக்கூடாது என்று நினைத்தாள்.

கல்யாணம் முடிந்து முதல் மாதம், "கிழவிக்கு உடம்பு சரியில்ல, இப்ப போய்ச் சொன்னா தாங்குமா" என்றான். பிறகு அறுவடை முடியட்டும் என்றான். பிறகு, சரியான நேரம் வரட்டும் என்றான். நேரம் வந்தது.

யுத்தத்தில் இறந்தவர்கள் பெயரைப் பொறித்து ஊரில் நினைவுக்கல் நடுவதற்குத் திரும்பி வந்த சிப்பாய்கள் கூட்டம் போட்டார்கள். தலைவர் க்ளாரி டூஹி. வெண்ணெய் ஆலையின் மானேஜரும் அவர்தான், ஹெக்குக்குப் படியளக்கிறவர். மெர்லும் படையில் இருந்தவள்தான். ஆனால் அவளை உறுப்பினராகக் கூப்பிடவில்லை. டீ போட்டு ரொட்டித் துண்டு அடுக்கித் தரக் கூப்பிட்டிருந்தார்கள்.

திருமதி க்வில்ட்டி தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பெயர்களைப் படித்து முடித்ததும் எழுந்தார்.

"எம்பொண்ணு பேர் வரலையே, டூஹி."

டூஹி தொண்டையைக் கனைத்தார். "அம்மா, உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது. ஆனா இந்தக் கல்லு எதிரி கையால செத்தவங்களுக்கு. சமையல்கட்டுல நடந்த விபத்து... அதுவும் அவங்க கவனக்குறைவுன்னு பட்டாளமே சொல்லியிருக்கு. எங்க பையன்க பேருக்குப் பக்கத்துல எப்படிப் போடறது?"

கிழவி பின்னால் திரும்பினார். "ஹெக், நீ அங்க இருந்தவன். அந்த அடுப்பு கெட்டதுன்னு அந்த அதிகாரிக்குத் தெரியுமா தெரியாதா? நீ சொல்லு."

மண்டபத்தில் அத்தனை தலையும் ஹெக்கின் பக்கம் திரும்பியது. மெர்ல் கெட்டிலைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

ஹெக் டூஹியை ஒருமுறை பார்த்தான். "நான் பட்டறையில இருந்தேன், மிஸஸ் க்வில்ட்டி. அடுப்புப் பக்கம் நான் இல்ல" என்றான்.

"பொய்" என்றாள் மெர்ல்.

அத்தனையையும் கொட்டினாள். சோப்பை, கேப்டனை, உத்தரவை, கூடாரத்தை, வேலியோரம் பண்ணின சத்தியத்தை. சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. எல்லாரும் டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டூஹி மிகவும் அன்பாகப் பேசினார். "மெர்ல், நீ அன்னிக்குப் பட்டபாடு கொஞ்சநஞ்சமில்ல. அதிர்ச்சியில மனசு எதையெதையோ நினைச்சுக்கும். யாரும் உன்னைக் குத்தம் சொல்லல. வா, எல்லாருக்கும் ஒரு டீ ஊத்து."

"நீங்களே ஊத்திக்குங்க."

கெட்டிலை மேசைமேல் வைத்தாள், ஏப்ரனை அவிழ்த்துப் பக்கத்தில் போட்டாள், திருமதி க்வில்ட்டியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

வீட்டில் ஹெக் அழுதான். "வேலை போயிடும், மெர்ல். வீடு ஆலையோட வீடு. நாம எங்க போறது?"

"லாரி ஓட்டியிருப்பேன். மாடு கறந்திருப்பேன். உனக்கும் சேர்த்து நான் சம்பாதிச்சிருப்பேன். நீ அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்."

அன்றிலிருந்து அவள் ஹெக்குக்குச் சமைக்கவில்லை. ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். போவதற்கு அவளுக்கு அப்பா வீடு மட்டும்தான் இருந்தது, அங்கே போனால் மறுபடியும் அதே அடுப்பு. ஹெக் ஆலையிலிருந்து வந்து ரொட்டியை வெட்டி ஜாம் தடவிக்கொள்வான், இல்லையென்றால் ஒரு டின்னைத் திறந்து அப்படியே நின்றுகொண்டு சாப்பிடுவான். என் சமையலறை ஜன்னலிலிருந்து அது தெரியும். மெர்லோ வாரம் தவறாமல் மாவு மூடிய கறியைச் சுட்டுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு திருமதி க்வில்ட்டி வீட்டுக்கு நடப்பாள். கிழவி இறக்கும்வரை அது நிற்கவில்லை. ஒரு தரம் நான் பொறுக்காமல் கேட்டேன்.

"அவரும் மனுஷன்தானே, மெர்ல். ஒரு தட்டு வெச்சாதான் என்ன?"

"வெக்கலாம். கை வரமாட்டேங்குது" என்றாள்.

ஹெக் ஆலையில் மேஸ்திரி ஆனான். சிப்பாய்கள் சங்கத்தில் செயலாளரும் ஆனான். போரில் இறந்தவர்களை நினைக்கிற ஆன்சாக் நாள் விடியலில் நெஞ்சில் பதக்கத்தோடு முதல் வரிசையில் நடந்தான். கெட்டவன் என்று என்னால் சொல்ல முடியாது. என் வீட்டுக் குழாயைக் காசு வாங்காமல் சரிபண்ணிக் கொடுத்தவன். ஆலையிலேயே மாரடைத்து விழுந்து இறந்தான். பெட்டிமேல் கொடி போர்த்திக் கொம்பு ஊதினார்கள். அமைதியான மனிதர், ஒருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசாதவர் என்று பாதிரியார் சொன்னார். மெர்ல் கல்லறையோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், அழவில்லை.

அதற்குப் பல வருஷம் கழித்து, டூஹியும் போய்ச் சேர்ந்த பிறகு, வட்டார சபைக்கு வெளியூரிலிருந்து ஓர் இளம்பெண் அதிகாரியாக வந்தாள். கல்லில் பெண்கள் பெயர் விட்டுப்போயிருக்கிறதே என்று அவளாகவே விசாரித்தாள். ஒரே கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். யாரும் எதிர்க்கவில்லை. எதிர்க்க என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியவும் இல்லை. கல்லின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு வைத்து நெட்டா க்வில்ட்டி என்று பொறித்தார்கள்.

திறப்பு அன்று மெர்லை நான்தான் காரில் கூட்டிப்போனேன். பள்ளிப் பிள்ளைகள் கொடியாட்டினார்கள். அந்த அதிகாரிப் பெண் மெர்லின் தோளைத் தொட்டு, "நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்றாள்.

மெர்ல் ஒலிபெருக்கி முன்னால் நின்றாள். மடங்காத விரல்களால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அது அவ தப்பு இல்ல" என்றாள்.

மேலே ஏதாவது வருமென்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் நகர்ந்துவிட்டாள். பிறகு ஒருவர் தட்ட, எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குப் பின்னால் ஒரு பெண் தன் புருஷனிடம், "எது?" என்று கேட்டாள். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

திரும்பி வரும் வழியில் மெர்ல் வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எதுக்குக் கை தட்டினாங்க?" என்றாள்.

"உன்னைப் பார்த்துத்தான்."

"ஒருத்தராவது என்ன தப்புன்னு கேட்டாங்களா?"

நான் வண்டியை ஓட்டினேன்.